தெருத் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ: மருந்து அடிப்பதற்கு முன்

பொள்ளாச்சியை ஒட்டிய ஒரு மனைப்பிரிவில் குடியிருக்கும் நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. தெருவின் இரு பக்கத்திலும் வீட்டுக் கொல்லைகளிலும் நிற்கும் தென்னைகளின் ஓலைக்கு அடியில் வெள்ளையாக மாவு படிந்திருக்கிறது. ஓலையின் மேற்புறம் கறுத்துவிட்டது. மரத்தடியில் நிறுத்தும் வண்டிகள் மீதும் காயப்போட்ட துணிகள் மீதும் பிசுபிசுப்பு சொட்டுகிறது. பாதாம் மரத்திலும் கொய்யாவிலும் அதே வெள்ளை தென்படுகிறது. குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் விசைத்தெளிப்பானோடு ஆள்களை வரவழைத்து எல்லா மரங்களுக்கும் பூச்சிமருந்து அடித்துவிடலாம் என்கிறார்; இன்னொருவர் மரங்களையே வெட்டிவிடலாம் என்கிறார். இவற்றில் எது சரி என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். இந்தப் பூச்சிக்கு எதிராக உங்கள் தெருவில் இப்போதே ஒரு சிறு குளவி வேலை செய்துகொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. அதை நம் கையாலேயே கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும், அது வேலையை முடிக்கும்வரை மரங்களின் தெம்பைக் காப்பதும்தான் நம்மால் செய்யக்கூடியவற்றில் பயன் தருபவை. சங்கக் கூட்டத்தில் இதை வெறும் அபிப்பிராயமாகச் சொன்னால் எடுபடாது, காரணத்தோடு சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பூச்சி எதுவென்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கைக்கு எட்டும் உயரத்தில் மட்டை தாழ்ந்திருக்கும் இளந்தென்னை ஒன்றின் அடிமட்டைக் கீற்றைத் திருப்பிப் பார்த்தால், வெண்ணிற மெழுகுத் தூள் சுருள் சுருளாகவோ வட்டவட்டமாகவோ படிந்திருப்பது தெரிய வேண்டும். அந்தச் சுருளுக்குள்தான் முட்டைகள் இருக்கும். பக்கத்திலேயே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளை ஈக்கள் மந்தமாக அமர்ந்திருக்கும். பருத்தியிலும் கத்தரியிலும் நாம் பார்த்துப் பழகிய வெள்ளை ஈயைவிட இவை ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியவை. கீற்றைத் தட்டினாலும் சட்டென்று பறந்துவிடாதவை. இறக்கையில் மங்கிய பழுப்புப் பட்டைகள் உடையவை. இதுவே ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. அறிவியல் பெயர் அலியூரோடைகஸ் ருகியோபெர்குலேட்டஸ். சுருளுக்குப் பதிலாகப் பஞ்சு இழைகளால் ஆன சிறு கூடும், அதன் நடுவே மிகச் சிறிய ஈயும், அதன் இறக்கையில் பெருக்கல் குறி வடிவில் கருங்கோடுகளும் தெரிந்தால், அது போண்டார் கூடுகட்டும் வெள்ளை ஈ. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் கேரளத்தில் கண்டறியப்பட்ட இன்னொரு வரத்து அது. இரண்டும் ஒரே ஓலையில் சேர்ந்திருப்பதும் உண்டு. தெருவில் நீங்கள் செய்யவேண்டிய வேலை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், பிரித்தறிவதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

சுருள் வெள்ளை ஈயின் தாயகம் நடு அமெரிக்கா. பெலிஸ் நாட்டுத் தென்னையில் கிடைத்ததை வைத்து 2004-இல்தான் இது தனி இனமாக அறிவியலில் விவரிக்கப்பட்டது. 2009-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நகர மரங்களிலும் பூங்காப் பனைகளிலும் பரவி, அங்கும் இதே வண்டிப் பிசுபிசுப்புப் புகாரைக் கிளப்பியது. இந்தியாவில் முதன்முதலாக 2016-இல் பதிவானபோது, அந்த இடம் நம் பொள்ளாச்சிப் பகுதியும் கணவாய்க்கு அப்பாலுள்ள பாலக்காடுமாக இருந்தது. ஆனைமலையிலிருந்து உடுமலை வரை வரப்போடு வரப்பு ஒட்டிய தென்னந்தோப்புகள் நிற்கும் ஊரில் இப்படியொரு பூச்சி வந்திறங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்தது. பலத்த மழை ஈக்களையும் இளங்குஞ்சுகளையும் அடித்துக் கழுவிவிடும். மழையில்லாத மாதங்கள் நீண்டால் அவை தடையின்றிப் பெருகும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாயகத்தில் இந்த ஈயை அடக்கி வைத்திருந்த எதிரிகள் அதோடு கப்பலேறி வரவில்லை. அயல்நாட்டுப் பூச்சி புதிய நிலத்தில் கொள்ளையாகப் பெருகுவதற்கு அடிப்படைக் காரணம் பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

இது மரத்துக்கு என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால், வெட்டிவிடலாம் என்ற பேச்சு தானாகவே அடங்கும். ஈயும் அதன் குஞ்சுகளும் ஓலையின் அடியில் ஊசிவாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சுகின்றன. உறிஞ்சிய சர்க்கரையில் பெரும்பகுதியைச் செரிக்காமலேயே தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகின்றன. அந்தக் கழிவு கீழேயுள்ள ஓலை, வாழை, வண்டி, சுவர் எதன் மீது விழுந்தாலும் அதில் கரும்பூசணம் வளர்கிறது. நீங்கள் பார்க்கும் கறுப்பு அதுதான். அது ஓலைக்குள் வேர்விடும் நோய் அன்று. ஓலையின் மேல் படிந்த இனிப்பைத் தின்று வளரும் வெறும் படலம். ஆனால் அந்தப் படலம் வெயிலை மறைப்பதால் ஓலையின் உணவுத் தயாரிப்பு குறைகிறது; பல மாதங்கள் நீடித்தால் மரம் களைத்து விளைச்சல் குறையலாம். வளர்ந்த தென்னை இந்த ஈ ஒன்றினால் மட்டும் செத்துப்போவது அரிது. நெட்டை மரங்களைவிடக் குட்டை இரகங்களிலும், குட்டையைக் கலந்த வீரிய ஒட்டு இரகங்களிலும் தாக்குதல் கடுமையாக இருக்கிறது. இளநீருக்காக வீட்டு முற்றத்தில் வைப்பவை பெரும்பாலும் அவையே என்பதால், நகரத் தெருக்களில் இது கண்ணை உறுத்துமளவுக்குத் தெரிகிறது.

இனி அந்தக் குளவிக்கு வருகிறேன். என்கார்சியா குவாடலூப்பே என்ற இந்த ஒட்டுண்ணிக் குளவி ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது, மனிதரைக் கொட்டாது, வெறுங்கண்ணுக்குத் தூசியாகத்தான் தெரியும். 1990-களில் இந்தியாவுக்குள் நுழைந்த வேறொரு சுருள் வெள்ளை ஈயைத் தொடர்ந்து, யாரும் இறக்குமதி செய்யாமலே அது நாட்டுக்குள் வந்து சேர்ந்திருந்தது. புதிய ஈ வந்ததும் அதையும் தன் இரையாக ஏற்றுக்கொண்டது. இது வெள்ளை ஈக் குஞ்சின் உடலில் முட்டையிடுகிறது. அதன் புழு குஞ்சை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, குளவியாகி வெளியே வருகிறது. மருந்து அடிக்காமல் விட்ட தோப்புகளில், குஞ்சுகளில் பாதிக்கும் மேற்பட்டவை இப்படி ஒட்டுண்ணிக்கு இரையானதை ஆய்வாளர்கள் பல இடங்களில் பதிவு செய்திருக்கிறார்கள்.

உங்கள் தெருவில் குளவி இருக்கிறதா என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். சங்கக் கூட்டத்துக்கு முன் இந்த ஒரு வேலையை மட்டுமாவது செய்துவிடச் சொல்வேன். அடிமட்டைகளிலிருந்து சில கீற்றுகளை நறுக்கி எடுத்து, மெழுகுத் தூளை மெல்லிய தூரிகையால் தட்டி நீக்கிவிட்டு, அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ஈக் குஞ்சுகளின் வெற்றுக் கூடுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கைப்பேசிக் கேமராவை நெருக்கிப் படம் எடுத்துப் பெரிதாக்கினாலும் போதும். ஈ தானே முழு வளர்ச்சி பெற்று வெளியேறியிருந்தால், கூட்டின் முதுகு நீளவாக்கிலும் குறுக்காகவும் பிளந்திருக்கும். குளவி வெளியேறியிருந்தால், ஊசியால் குத்தியதுபோல் ஓரம் சீரான வட்டத் துளை இருக்கும். வட்டத் துளைகள் கணிசமாகத் தெரிந்தால் உங்கள் தெருவில் போர் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் பூச்சிமருந்து அடிப்பது நம் பக்கத்துப் படையைச் சுடுவதற்குச் சமம்.

குளவிக்குத் துணையாகப் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சிகளும் பொறிவண்டுகளும் வரும். கண்ணாடி இறக்கைப் பூச்சியில் ஓர் இனத்தின் புழு, தான் தின்ற ஈக்களின் மெழுகையும் தோலையும் முதுகில் சுமந்துகொண்டு திரியும். ஓலையில் ஒரு பஞ்சுத் துணுக்கு நகர்வதைக் கண்டு, இதுவும் பூச்சிதான் என்று பலர் நசுக்கிவிடுகிறார்கள். அதை விட்டுவிட வேண்டும். கரும்பூசணத்தையே மேய்ந்து ஓலையைச் சுத்தமாக்கும் லியோக்ரினஸ் நீலகிரியானஸ் என்ற சிறு வண்டினம் ஒன்றும் கேரளத் தென்னைகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. பெயரிலேயே நம் மலையைச் சுமந்திருக்கும் அந்த வண்டு, மருந்து படாத ஓலையில் மட்டுமே பிழைக்கும்.

சங்கத்தில் சொல்லப்பட்ட மருந்துத் தெளிப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். வெள்ளை ஈ ஓலையின் அடிப்புறத்தில், மெழுகுப் போர்வைக்குள், நாற்பது ஐம்பது அடி உயரத்தில் இருக்கிறது. தரையிலிருந்து பீய்ச்சும் மருந்தில் பெரும்பகுதி மேற்புறத்தை நனைத்துவிட்டு உங்கள் கிணற்றிலும், நிலத்தடித் தொட்டியிலும், எதிர்வீட்டுத் திண்ணையிலும் விழும். அடிப்புறத்தில் படும் சிறு பகுதியும் முட்டைகளையும் மெழுகுக்குள் இருக்கும் குஞ்சுகளையும் முழுதாகக் கொல்வதில்லை. அதே மருந்து, திறந்த வெளியில் ஓலை ஓலையாக அலைந்து திரியும் குளவியைத் தவறாமல் கொல்லும். முட்டையிலிருந்து ஈயாக வளர ஏறக்குறைய ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகிறது என்பதால், அடித்த சில நாள்களுக்கு ஓலை வெறிச்சோடித் தெரியும். அடுத்த தலைமுறை எதிரியே இல்லாத மரத்தில் முன்னிலும் அதிகமாக எழும். மருந்தின் அளவைக் கூட்டி மறுபடி அடிக்கும் சுழற்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகமும் இந்த ஈக்கு இரசாயனப் பூச்சிக்கொல்லியைத் தவிர்க்கச் சொல்வதன் காரணம் இதுவே.

வேரில் மருந்து கட்டுவது நம் பகுதியில் பழக்கமாகிவிட்டது. 1990-களின் இறுதியில் ஈரியோபைட் சிலந்தி காய்களைச் சொரசொரப்பாக்கியபோது பலரும் கற்றுக்கொண்ட முறை அது. இப்போது எந்தப் பூச்சிக்கும் அதையே செய்கிறார்கள். வேர் வழியாக ஏற்றும் மருந்து மரத்தின் உடலெங்கும் ஊடுருவும், இளநீருக்கும் போகும். அப்படிப் பயன்படுத்தப்பட்டு வந்த மோனோகுரோட்டோபாஸ், காய்கறிப் பயிர்களில் அடிக்கக் கூடாதென்று நெடுநாள் முன்பே தடைசெய்யப்பட்ட கொடிய நஞ்சு. தோப்பில் காயை இறக்கிவிட்டு மருந்து கட்டி, ஒன்றரை மாதம் காய் பறிக்காமல் கட்டுப்பாட்டோடு இருக்கலாம். தெருமரத்தில், எந்த வீட்டுப் பிள்ளை எப்போது எந்த இளநீரைக் குடிக்கும் என்று யாராலும் காவல் காக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே குடியிருப்பு மரங்களில் வேர்வழி மருந்தை முற்றாக விலக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குளவி மீது இவ்வளவு நம்பிக்கை வைப்பது எதனால் என்று சங்கத்தில் கேட்பார்கள். அதற்குக் கோவையே சாட்சி. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட அது, ஓரிரு ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் வெள்ளையாக மூடியது. உடுமலையிலும் கோபியிலும் பட்டுப்புழு வளர்த்தவர்கள் பட்ட பாடு தனி. மல்பெரியில் மருந்து அடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவே சாகும் என்பதால் அவர்களுக்கு மருந்து என்ற வழியே அடைபட்டிருந்தது. மருந்து அடிக்க முடிந்தவர்களுக்கும் பலன் நிற்கவில்லை. 2010-இல் அசிரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருவுக்குக் கொண்டுவரப்பட்டு, தனிமைக் காப்பில் சோதிக்கப்பட்ட பின், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பெருக்கி வயல்களில் விடப்பட்டன. சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கத் தொடங்கியது. இன்று கோவையில் வீட்டுப் பப்பாளி வளர்ப்பவர் பலருக்கு அப்படியொரு கொள்ளை நடந்ததே நினைவில்லை. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் காணப்பட்டுச் சேலம், நாமக்கல் பக்கம் பரவியபோதும், ஆப்பிரிக்காவில் மரவள்ளியைக் காப்பாற்றிய அனாகைரஸ் லோபெசி என்ற குளவி பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு 2022-இல் விடப்பட்டது. சுருள் வெள்ளை ஈயின் கதை இவற்றிலிருந்து ஒரே இடத்தில் வேறுபடுகிறது: அதன் குளவி ஏற்கெனவே இங்கே இருக்கிறது, நாம் செலவழித்துத் தருவிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சும்மா இருந்துவிடலாமா என்றால், இல்லை. தண்ணீர்தான் முதல் ஆயுதம். மருந்துக்காக வாடகைக்கு எடுக்க நினைத்த அதே விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை நிரப்பி, எட்டும் உயரமுள்ள மரங்களின் ஓலை அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சுங்கள். ஈக்களும், முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்து ஊர்ந்து திரியும் குஞ்சுகளும் கீழே விழுந்துவிடும்; பிசுபிசுப்பும் கழுவப்படும். வாரம் ஒருமுறை வீதம் சில வாரங்கள் தொடர்ந்து செய்தால் இளமரங்களில் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். உயர்ந்த மரங்களுக்கு இது எட்டாது. அவற்றுக்காக ஏணி போட்டு ஆளை ஏற்றி ஆபத்தை வரவழைக்க வேண்டாம், அங்கே குளவியும் மழையும் தங்கள் வேலையைச் செய்யும். குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் கோடையில் தெருவெங்கும் தண்ணீர் பீய்ச்சச் சொல்வது பொருந்தாது என்பதையும் அறிவேன். அப்போது குட்டை மரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சள் நிறம் வெள்ளை ஈயைக் கவரும். மஞ்சள் நெகிழித் தாளில் விளக்கெண்ணெய் தடவி, தண்டில் ஏறக்குறைய ஆறடி உயரத்தில் கட்டிவைத்தால் ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். கடையில் கிடைக்கும் ஒட்டுப்பொறியும் ஆகும், ஆனால் எண்ணெய் தடவிய தாள் மலிவு. தூசி படிந்ததும் துடைத்துவிட்டு மீண்டும் தடவலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தப் பொறிக்கு நண்பன் பகைவன் தெரியாது. ஈக்கள் கூட்டமாகப் பறக்கும் மாதங்களில் மட்டும் கட்டுங்கள். கண்ணாடி இறக்கைப் பூச்சிகள் ஒட்டத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள். ஆண்டு முழுதும் தொங்கவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கரும்பூசணத்துக்குப் பூசணக்கொல்லி தேவையில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மைதாப் பசை எளிய முறை: லிட்டருக்கு 25 கிராம் மைதா என்ற கணக்கில் எடுத்து, முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் மீதித் தண்ணீரைச் சேர்த்து வடிகட்டி, நல்ல வெயில் நாளில் ஓலையின் மேற்புறத்தில் தெளிக்க வேண்டும். பசை காய்ந்து செதில் செதிலாக உரிந்து விழும்போது பூசணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். மேகமூட்டமான நாளில் செய்தால் பசை உரியாது, வேலை வீண். கஞ்சியும் இதே வேலையைச் செய்யும் என்று சிலர் சொல்வதுண்டு. நீர்த்த கஞ்சி காய்ந்து உரிவதைவிட ஓலையிலேயே தங்கிவிடும் என்பதால் நான் மைதாவையே சொல்வேன்.

ஈ மிகவும் பெருகி, நீங்கள் பார்த்த கூடுகளில் வட்டத் துளையே இல்லாத நிலையில் மட்டும், எட்டும் மரங்களுக்கு வேப்பெண்ணெய் தெளிக்கலாம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலந்து, அடிப்புறத்தில் படும்படி, வெயில் தாழ்ந்தபின் அடிக்க வேண்டும். பெங்களூருப் பணியகம் பரிந்துரைக்கும் ஐசேரியா பியூமோசோரோசியா என்ற பூஞ்சாணம் இன்னொரு வழி. லிட்டருக்கு 5 கிராம் வீதம் மாலையில் தெளிக்க வேண்டும். ஈரப்பதம் இருந்தால்தான் பூஞ்சாணம் ஈயின் உடலில் முளைக்கும். தென்மேற்குக் காற்று கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவரும் ஆனி, ஆடி மாதங்களும் ஐப்பசி, கார்த்திகையும் அதற்கு ஏற்றவை. சித்திரை வெயிலில் அதை வாங்கித் தெளிப்பது காசுக்குக் கேடு.

வெட்டிய மட்டைகளை என்ன செய்வது என்பதில்தான் நல்லெண்ணத்தோடு பெரும் கேடு நடக்கிறது. தாக்கப்பட்ட மட்டையை வெட்டியவுடன் கொளுத்தினால், உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் குளவிகளும் சேர்ந்து வேகின்றன. மட்டை காயும்போது சாறின்றி ஈக் குஞ்சுகள் தாமாகவே சாகும். குஞ்சைத் தின்று முடித்துக் கூட்டுப்புழுவாகியிருக்கும் குளவிகளோ வெளியேறிவிடும். ஆகவே சில நாள்கள் மரத்தடியிலேயே போட்டுவைத்து, பிறகு மட்கவிடுங்கள். வட்டத் துளைகள் மிகுந்த கீற்றுகளில் குளவி ஏறிய குஞ்சுகள் இன்னும் இருக்கும் என்பதால், அவற்றைத் துண்டுகளாக நறுக்கி, குளவி இல்லாத பக்கத்துத் தெரு மரங்களில் குத்தியோ கட்டியோ வைக்கலாம். வேளாண் துறை தோப்புகளில் குளவியைப் பரப்பும் முறையும் இதுவே. ஆனால் ஈயே எட்டிப்பார்க்காத ஊருக்கு அந்தக் கீற்றைக் கொண்டுபோகக் கூடாது. நாற்றுப்பண்ணையிலிருந்து அழகுப் பனையோ வாழைக்கன்றோ வாங்கும்போது இலையின் அடியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கல்யாண மண்டபத்து வாசலில் கட்டும் வாழையும் தென்னோலைப் பந்தலும் நெடுந்தொலைவிலிருந்து வருகின்றன. இந்த மந்தமான ஈ ஊர்விட்டு ஊர் போனதற்கு அதன் இறக்கையைவிட நம் வண்டிகளே காரணம்.

பாதாம், கொய்யா, சப்போட்டா, சீதா, வாழை என நூற்றுக்கும் மேற்பட்ட செடிகொடிகளில் இந்த ஈ தங்கும். அவற்றை வெட்டினால் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பாதாமின் அகன்ற இலை ஈக்கு இடம் கொடுப்பதுபோலவே குளவிக்கும் இடம் கொடுக்கிறது. தென்னந்தோப்பில் வாழையும் கல்வாழையும் ஊடுபயிராக வைக்கச் சொல்வதே குளவி அங்கே தங்கிப் பெருகட்டும் என்பதற்காகத்தான். உங்கள் சங்கப் பூங்காவின் ஓரத்தில் ஒரு வரிசைக் கல்வாழை வைத்து, அதில் மட்டும் எந்த மருந்தும் படாமல் பார்த்துக்கொண்டால், அதுவே தெருவுக்குக் குளவிப் பண்ணையாக அமையும். வண்டி நிறுத்துமிடத்துக்கு நேர்மேலே வரும் பாதாம் கிளைகளைக் கழித்துவிடுவதில் தவறில்லை.

வேறு இரண்டு சிக்கல்களை இந்த ஈயின் தலையில் கட்டிவிடுவதைப் பார்க்கிறேன். வேப்பமரங்களின் நுனிக்கிளைகள் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் தீய்ந்ததுபோல் காய்வது தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சியாலும் நுனிக்கருகல் பூசணத்தாலும் வருவது. சுருள் வெள்ளை ஈக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலான மரங்கள் வெயில் ஏறியதும் தாமாகவே துளிர்க்கும். அடுத்தது, கேரள வேர்வாடல் நோய். கீற்றுகள் உள்நோக்கி வளைந்து, மஞ்சளித்து, ஓரம் கருகி, மரம் சிறுத்துக்கொண்டே போனால் அதுவாக இருக்கலாம். அது ஒருவகை நுண்ணுயிரியால் வருவது, அதைப் பரப்புபவை கண்ணாடிவலை இறக்கைப் பூச்சியும் (முன்பு சொன்ன கண்ணாடி இறக்கைப் பூச்சி அன்று, இது வேறு) தத்துப்பூச்சியும். அதற்கு நேரடி மருந்து இல்லை. முற்றிய நிலையில் மரத்தை அகற்றவும் நேரலாம். ஆகையால் மஞ்சளிப்பைக் கண்டதும் வெள்ளை ஈ என்று முடிவுகட்டிவிடாமல், ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்திலோ கீற்றைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக மரத்தின் தெம்பு. தெருத் தென்னைக்கு யாரும் உரம் போடுவதில்லை; சுற்றிலும் சிமெண்டுக் கல் பதித்து, மழைநீரும் இறங்காதபடி அடைத்துவிட்டு, காயை மட்டும் எதிர்பார்க்கிறோம். தண்டைச் சுற்றி ஆறடி விட்டத்துக்காவது கல்லைப் பெயர்த்து வட்டப்பாத்தி எடுங்கள். காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை; இரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, ஆனி, ஆடியில் ஒரு பாதியும் மார்கழி, தையில் மறுபாதியும் ஈரமுள்ள மண்ணில் இட வேண்டும். கோடையில் சமையலறைக் கழுவுநீரையாவது பாத்திக்குத் திருப்பிவிட்டு, மட்டையையும் தேங்காய் மஞ்சியையும் மேலே பரப்பிவையுங்கள். யூரியாவை மட்டும் அள்ளிக்கொட்டும் பழக்கம் வேண்டாம். தழைச்சத்து மிகுந்த இளஞ்சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்து.

செலவைப் பற்றியும் சங்கம் கேட்கும். மருந்தடிப்புக்கு ஒதுக்க நினைத்த தொகையில் தெளிப்பான் வாடகை, மஞ்சள் தாள், மைதா, உரம் ஆகிய எல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். பணத்தைவிடத் தேவைப்படுவது எல்லா வீடுகளின் சம்மதம். பத்து வீட்டார் பொறுத்திருக்க, பதினோராவது வீட்டார் தம் கொல்லையில் மட்டும் மருந்தடித்தால், குளவிகள் அந்த மரத்துக்குப் போய்ச் சாகும். எழும் ஈக்கள் அங்கிருந்து எல்லோர் மரத்துக்கும் வரும். ஆகவே கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: அடுத்த தென்மேற்குப் பருவமழை முடியும்வரை தெருவில் எந்த மரத்துக்கும் இரசாயனப் பூச்சிக்கொல்லி இல்லை; மாதம் ஒருமுறை நான்கைந்து மரங்களிலிருந்து கீற்று எடுத்து, வட்டத் துளையுள்ள கூடுகள் எத்தனை, பிளந்த கூடுகள் எத்தனை என்று எண்ணிச் சங்கப் பலகையில் எழுதுவது. இந்த எண்ணும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். அவர்களுக்குக் கண்ணும் கூர்மை, பொறுமையும் நம்மைவிட அதிகம்.